எந்தக் கல்லூரி என்பதை நாங்களே முடிவு செய்வோம்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் பள்ளிக்கு வெளியே கற்போரின் கொள்கைப் பிரகடனம்

தாராவி தொண்ணூறு அடிச் சாலையிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பள்ளிக்கூடம் போகாமல் படிக்கும் பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும் வளர்ப்பவர்களும் கூடி இதை எழுதுகிறோம். எங்களில் சிலர் பள்ளியை வேண்டாம் என்று விட்டவர்கள். பலரைப் பள்ளி விட்டுவிட்டது. கல்லூரி விண்ணப்பப் படிவத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. "கடைசியாகப் படித்த பள்ளி" என்று கேட்கும் கட்டத்துக்கு வந்ததும் இரண்டு தரப்பும் ஒரே மாதிரித்தான் பேனாவைக் கீழே வைக்கிறோம். அப்படிப் பேனாவைக் கீழே வைத்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டதால் பிறந்தது இந்த இயக்கம்.

இயக்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயரில் "பள்ளி" என்ற சொல்லே வரக்கூடாது என்று செம்பூர்க்காரர்கள் நிற்கிறார்கள். அந்தச் சொல் இல்லாவிட்டால் எங்கள் தெருவில் ஒருவருக்கும் எதுவும் விளங்காது என்கிறார்கள் தாராவிக்காரர்கள். சண்டை தீரட்டும் என்று காத்திருந்தால் இந்த ஆண்டுச் சேர்க்கை முடிந்துவிடும். ஆகவே பிரகடனம் முந்திக்கொண்டது.

எங்களுக்கு முன்னால் இதே மும்பையில் ஒரு பெண் நடந்து போயிருக்கிறார். மாள்விகா ராஜ் ஜோஷி ஏழாம் வகுப்பில் இருந்தபோது அவருடைய தாய் அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவிட்டார். பலவற்றைத் தொட்டுப் பார்த்ததில் கணினி நிரல் எழுதுவது பிடித்துப்போயிற்று. சர்வதேசத் தகவலியல் ஒலிம்பியாடில் இரண்டு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வாங்கினார். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கிடையாது, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழும் கிடையாது. பவாயில் இருப்பது உட்பட எந்த ஐ.ஐ.டி.யிலும் அவரால் சேர முடியவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்பது அங்கே விதி. சென்னைக் கணிதவியல் கழகமோ, இளநிலைப் படிப்பு முடித்தவருக்கு உரிய அறிவு இவருக்கு இருக்கிறது என்று கண்டு, முதுநிலை வகுப்பிலேயே இடம் கொடுத்தது. 2016-இல், பதினேழு வயதில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. அவரை உதவித்தொகையோடு சேர்த்துக்கொண்டது.

ஒரே பெண், அதே வெறுங்கை. பார்த்த கண்கள்தான் வேறு. ஐ.ஐ.டி. தன் வாசலைப் பன்னிரண்டாம் வகுப்பில் வைத்திருந்தது. மற்ற இரண்டு இடங்களும் இந்தப் பிள்ளை என்ன செய்திருக்கிறாள் என்று எடுத்துப் பார்த்தன. இனி ஒரு கல்லூரியின் பெயரைக் கேட்டதும் நாங்கள் முதலில் விசாரிக்கப்போவது இதைத்தான். தரவரிசை, வளாகம், கடைசி ஆண்டில் கம்பெனிகள் தரும் சம்பளம் எல்லாம் அதற்குப் பிறகு.

இந்தக் கதையைத் தவறாகச் சொல்கிறவர்களும் எங்களுக்குள் உண்டு என்பதால் அடுத்ததைக் கொஞ்சம் உரக்கச் சொல்கிறோம். மாள்விகாவைக் காட்டி ஒரு பிள்ளையின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை நிறுத்துகிற பெற்றோருக்கு இந்த இயக்கம் துணை நிற்காது. மூன்று ஒலிம்பியாட் பதக்கங்கள் எந்தப் பன்னிரண்டாம் வகுப்பையும் விடப் பெரிய சான்றிதழ். அந்தப் பதக்கங்கள் இல்லாத பிள்ளைக்கு அந்த வழி திறக்காது. டெல்லியின் சகல் கௌசிக்கும் வீட்டிலேயே படித்தவர்தான். 2010-இல் பதினான்கு வயதில் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் இந்திய அளவில் 33-ஆவது இடம் பிடித்தார். அவர் உள்ளே போகக் காரணம் அறிவு மட்டும் என்று சொல்ல முடியாது. கையில் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழும் இருந்தது. சான்றிதழைக் கிழித்தெறிவது வீரம் என்று எங்கள் முதல் கூட்டத்தில் ஒரு இளைஞர் பேசினார், கைதட்டலும் வாங்கினார். வாக்கெடுப்பில் தோற்றார். ரயிலில் ஏறுகிறவன் டிக்கெட்டை வணங்க வேண்டாம், எடுத்து வைத்துக்கொண்டால் போதும் என்று தாராவி அம்மா ஒருவர் சொன்னதோடு விவாதம் முடிந்தது.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது பதினேழு வயதில் நடக்கிற காரியம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எங்களுக்கு அது பதினான்கில் தொடங்கிவிடுகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறிலிருந்து பதினான்கு வயது வரைதான் பேசும். அதற்குப் பிறகு எங்கள் பிள்ளைகளைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. அந்த வயதில்தான் எந்த வாரியத்தில், எந்த ஊரில், எந்தப் பாடங்களில் தேர்வு எழுதுவது என்று முடிவெடுக்க வேண்டும். அங்கே தவறினால் மூன்று ஆண்டு கழித்து ஒரு கல்லூரி ஜன்னலில் தெரியவரும்.

எங்களில் பெரும்பாலோருக்கு வழி தேசியத் திறந்தநிலைப் பள்ளிதான், எல்லாரும் என்.ஐ.ஓ.எஸ். என்று சொல்வது. 1979-இல் சி.பி.எஸ்.இ.யின் ஒரு முயற்சியாகத் தொடங்கி 1989-இல் தனி நிறுவனமானது. பதினான்கு வயதானால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத் தேர்வு. பாடங்களை ஒவ்வொன்றாகவும் எழுதித் தேறலாம். ஐந்தாண்டு அவகாசம் உண்டு. தமிழையும் ஒரு மொழிப் பாடமாக எடுக்கலாம். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. ஆனால் அந்தத் தமிழ் வகுப்புகள் பெரும்பாலும் ஏழு, எட்டோடு நின்றுவிடும். அங்கே நின்ற பிள்ளைக்கு மேலே ஏற இது ஒரு படி. சயான் மருத்துவமனையின் கற்றல் குறைபாட்டு மையத்தில் சான்றிதழ் வாங்கி, வகுப்பறைச் சத்தத்திலிருந்து தப்பித்து வந்த மாட்டுங்காப் பிள்ளைக்கும் அதே படிதான். கலையோ வணிகமோ படிக்க நினைப்போர் மகாராஷ்டிர மாநில வாரியத்தின் பதினேழாம் நம்பர் படிவத்தை நிரப்பித் தனித் தேர்வராகவும் எழுதலாம். இந்த ஊரில் அதற்கு "செவன்டீன் நம்பர் ஃபாரம்" என்றே பெயர்.

ஆனால் ஐந்து பாடம் தேறிய மதிப்பெண் பட்டியல் இருந்தால் மட்டும் போதாது. ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்கு இயற்பியல், வேதியியல், கணிதம், ஒரு மொழி, இன்னொரு பாடம் என்ற கணக்கு சரியாக இருந்தால் திறந்தநிலைப் பள்ளிச் சான்றிதழை ஏற்பார்கள். நான்கோடு நிறுத்தியவர் வெளியே. மருத்துவத்தில் நடந்தது இன்னும் கசப்பு. திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் எழுதக்கூடாது என்று 2018-இல் ஒரு தடை. அதே ஆண்டு மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. உச்ச நீதிமன்றத்தில் விவகாரம் முடிய 2024 ஆயிற்று. ஒரு பிள்ளை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படிப்பை முடித்துவிடும் காலம் கிட்டத்தட்ட அது.

பக்கத்திலேயே இருக்கும் கல்லூரிகளுக்கு வருவோம். 1937-இல் தொடங்கிய ரூயா, கால்சா, 1941-இல் வந்த போதார், 1960-இல் வந்த சயான் எஸ்.ஐ.இ.எஸ்., செம்பூரில் விவேகானந்தா கல்விச் சங்கத்தின் கல்லூரிகள் எல்லாம் எங்கள் பிள்ளைகள் பஸ்ஸிலேயே போய்வரும் தூரம். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இங்குள்ள ஏற்பாடு புரியச் சில நாள் ஆகும்: பதினொன்றும் பன்னிரண்டும் இங்கே ஜூனியர் காலேஜ். பட்டப்படிப்பில் சேரும்போது முதல் முன்னுரிமை அதே கல்லூரியின் ஜூனியர் காலேஜில் படித்தவர்களுக்கு. மிச்ச இடத்துக்குத்தான் வெளியார் போட்டி. ஆகவே வீட்டிலேயே பன்னிரண்டு வரை முடித்துவிட்டு ரூயாவுக்குப் போகலாம் என்று நினைக்கும் பிள்ளை, பத்தாம் வகுப்பை மட்டும் வீட்டிலிருந்து முடித்துவிட்டுப் பதினொன்றில் உள்ளே நுழைவது நல்லதா என்று அப்போதே யோசிக்க வேண்டும். இதை எந்தக் கையேட்டிலும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. முன்னால் போய்த் தட்டுத்தடுமாறியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

இன்னொன்று எல்.சி. பள்ளியை விட்டுப் போகும்போது தரும் சான்றிதழ் அது; ஊரில் டி.சி. என்று சொல்வது இங்கே எல்.சி. மகாராஷ்டிரத்து எல்.சி.யில் பிறந்த தேதி, மதம், சாதி, தாய்மொழி எல்லாம் இருக்கும். அந்த ஒரு தாளை வைத்து இந்த மாநிலம் ஒரு பிள்ளையின் வாழ்க்கையையே சரிபார்க்கிறது. மொழிச் சிறுபான்மை இடத்துக்கு விண்ணப்பித்தால் தாய்மொழிக்கு ஆதாரம் கேட்பார்கள். வீட்டில் பிறந்ததிலிருந்து தமிழ் பேசி, தமிழில் கணக்குப் போட்டு, தமிழிலேயே தேர்வும் எழுதிய பிள்ளை, தான் தமிழ்ப்பிள்ளை என்பதை நிரூபிக்கப் பள்ளிக்கூடம் கொடுத்த தாளைத் தேடி அலைகிறது. திறந்தநிலைப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் தருகிறது என்பது உண்மை. அதை முதல் முறை பார்க்கும் குமாஸ்தாவின் முகத்தையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இனி சொல்லப்போவது செம்பூர் நண்பர்கள் சிலருக்கு எங்கள் கூட்டத்தில்தான் முதல் முறையாகத் தெரியவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவித் தோல் பதனிடும் தொட்டிகளுக்கு வேலைக்கு வந்தவர்களில் தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் பல. மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதிச் சலுகை பெற வேண்டுமானால் அந்தச் சாதி இந்த மாநிலப் பட்டியலில் இருக்க வேண்டும், குடும்பம் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே இங்கே குடியிருந்ததற்கும் ஆதாரம் வேண்டும். தாத்தாவின் எல்.சி. இருக்கிறதா என்று கேட்பார்கள். தாத்தா தொட்டியில் இறங்கித் தோலை மிதித்துக்கொண்டிருந்தார். இதன் விளைவு கல்லூரிப் பட்டியலில் இப்படி விழுகிறது. மாட்டுங்கா வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரி தாராவியிலிருந்து நடந்துபோகும் தூரம். அங்கே அந்தப் பிள்ளை பொதுப் பிரிவு. பவாய் ஐ.ஐ.டி. மத்திய அரசின் நிறுவனம். அங்கே தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழோடு பட்டியல் சாதிப் பிரிவு. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்குப் போனால் சாதிச் சான்றிதழ் செல்லும், ஆனால் வெளி மாநிலத்தில் படித்தவன் என்பதால் நேட்டிவிட்டி சான்றிதழும் வேண்டும். மறுபக்கம், பிள்ளையை ஊரில் ஆச்சி வீட்டில் விட்டு அங்கேயே தேர்வு எழுதவைத்தால், பத்தும் பன்னிரண்டும் மகாராஷ்டிரத்தில் தேறவில்லை என்று இங்குள்ள பொறியியல் சேர்க்கையில் மாநிலத்தவர் என்ற தகுதிக்கே சிக்கல் வரும். தேர்வு மையம் எந்த ஊரில் என்பது வசதியைப் பற்றிய கேள்வி போலத் தோன்றும். எந்த மாநிலம் இந்தப் பிள்ளையைத் தன் பிள்ளை என்று சொல்லும் என்பதே அதற்குள் இருக்கும் கேள்வி.

வீட்டுக்கல்வி என்றால் வீடு வேண்டும். தாராவி மறுசீரமைப்பில் 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்ததைக் காட்ட முடிந்தவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே வீடு. மற்றவர்கள் வேறு இடங்களுக்கு. படிப்பு மையம் ஒரு பக்கம், குடித்தனம் இன்னொரு பக்கம், விண்ணப்பத்தில் கொடுத்த முகவரியில் கட்டடமே இல்லை என்ற நிலை எங்கள் பிள்ளைகளுக்கு வரக்கூடும். முகவரி மாறினால் சேர்க்கை பாதிக்கப்படாது என்ற உறுதியைக் கல்லூரிகளிடமும் தேர்வு வாரியங்களிடமும் எழுத்தில் கேட்போம்.

"பள்ளிக்கூடத்துக்கே போகாதவன் காலேஜுக்கு எப்படிலே போவான்?" என்று ஊரில் ஆச்சிகள் கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான். கல்லூரிகள் நினைத்தால் விதியைத் தாண்டியும் ஆளைப் பார்க்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. கும்பகோணத்திலும் பிறகு பச்சையப்பன் கல்லூரியிலும் அன்றைய எஃப்.ஏ. தேர்வில் தேறாமல் போன ராமானுஜனுக்குப் பட்டம் கிடையாது. அப்படியிருந்தும் 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருடைய ஆராய்ச்சியைக் கொண்டே பி.ஏ. பட்டம் கொடுத்தது. மேதைக்குச் செய்தார்கள், எங்களுக்கு எதற்குச் செய்வார்கள் என்று கேட்டால், 1946-இல் இதே மும்பையில் அம்பேத்கர் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரியைக் காட்டுவோம். அங்கே வகுப்புகள் விடியற்காலையில் நடந்தன. படிப்பு முடிந்து பையன்கள் வேலைக்குப் போக வேண்டும் என்பதற்காக அந்த நேரம். மாணவனின் நாளைப் பார்த்து மணியடித்த கல்லூரி அது. எங்கள் இயக்கத்துக்கு ராமானுஜனைவிட இந்த முன்னுதாரணம்தான் பெரிது; இதில் மேதையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆகவே அறிவிக்கிறோம். கல்லூரிப் பட்டியலை எழுதுவது பிள்ளையின் கை. அப்பா, அம்மா, அத்தை, மாமா எல்லாரும் பேசலாம், பேனாவைப் பிடுங்கக்கூடாது. பத்து ஆண்டு வீட்டில் தன் பாடத்தைத் தானே தேர்ந்தெடுத்த பிள்ளையிடம் பதினேழாவது வயதில் "கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு, நாங்கள் சொல்வதைக் கேள்" என்று உத்தரவு போடும் பெற்றோரைப் பற்றி இதைவிட மரியாதையாக எழுத எங்களுக்குத் தெரியவில்லை.

பட்டியல் போடும் முன் பிள்ளை ஒரு சாதாரண வேலைநாளில் அந்தக் கல்லூரிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். விழா நாளில் எல்லாக் கல்லூரியும் அழகுதான். மும்பைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் 75 விழுக்காடு வருகை கட்டாயம். காலை முழுக்கச் செம்பூரில் வீணையோ சதுரங்கமோ பயின்று மதியம் படிக்கும் பிள்ளைக்கு அது ஒத்துவருமா? ஒத்துவராதென்றால் நாசிக்கில் 1989-இல் தொடங்கிய யஷ்வந்த்ராவ் சவான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் தரவு அறிவியல் பட்டப்படிப்பு இருக்கிறது: ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. வேண்டாம், நான்கு வாரப் பாடம் படித்து அதிலேயே தகுதித் தேர்வு எழுதினால் போதும். ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. இதற்கு நேர்மாறாக, பெஞ்சில் நாலு பேரோடு உட்கார வேண்டும், கேன்டீனில் சண்டை போட வேண்டும் என்று ஏங்குகிற பிள்ளைகளும் எங்களிடம் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து, பள்ளியை விட்டுவந்த கொள்கைக்குத் துரோகம் என்று யாரும் சொல்லக்கூடாது.

வெளிநாட்டு டிப்ளமாக்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. பணம் கட்டினால் வீட்டுக்கே வந்துசேரும் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ்கள் விற்கப்படுகின்றன. இந்தியாவில் அதற்குச் சமநிலைச் சான்று கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பிறகு பையில் கைவிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிக் குதித்து நேரே திறந்தநிலைப் பட்டம் வாங்கிவிடலாம் என்று ஆசை காட்டுகிறவர்களிடமும் ஜாக்கிரதை. தமிழ்நாட்டில் அப்படிப் பட்டம் வாங்கியவர்கள் அரசு வேலைக்குப் போனபோது, 2009-க்குப் பிறகு, அது செல்லாது என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

கல்லூரிகளிடம் கேட்பது அதிகமில்லை. பள்ளிக்கு வெளியே படித்தவரைச் சேர்ப்பீர்களா, எந்தத் தாள்களைக் கேட்பீர்கள் என்பதைப் படிவக் கட்டணம் வாங்கும் முன் எழுதிப் போடுங்கள். எல்.சி. கேட்கும் இடத்தில் திறந்தநிலைப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழும் போதும் என்று உங்கள் குமாஸ்தாவுக்கும் சொல்லிவையுங்கள். தாய்மொழிக்கு ஆதாரமாக, தமிழைப் பாடமாக எழுதித் தேறிய மதிப்பெண் பட்டியலை ஏற்றுக்கொள்ளுங்கள். 1932-இல் மாட்டுங்காவில் தென்னிந்தியர்கள் கூடி எஸ்.ஐ.இ.எஸ். என்ற தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கியது, இந்த ஊரில் நம் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும் என்றுதான். அந்த வழியில் வந்தவர்களிடமிருந்து முதல் பதிலை எதிர்பார்க்க எங்களுக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறோம். ஒவ்வொரு கல்லூரியும் சில இடங்களையாவது, பிள்ளை செய்த வேலையைப் பார்த்து, நேரில் பேசிப் பார்த்துக் கொடுக்கட்டும். சென்னைக் கணிதவியல் கழகத்துக்கு முடிந்தது மாட்டுங்காவில் முடியாது என்று யாராவது சொன்னால் காரணத்தைக் கேட்போம்.

முதல் வேலை இந்த ஜூன் சேர்க்கைக்கு முன்பே தொடங்குகிறது. மாட்டுங்கா, சயான், செம்பூர்க் கல்லூரிகளுக்கு எங்கள் பிள்ளைகளே ஒரு பக்கக் கேள்வித்தாளோடு போவார்கள். வந்த பதில்களைத் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் அச்சடித்துத் தொண்ணூறு அடிச் சாலையிலும் மாட்டுங்கா மார்க்கெட்டிலும் செம்பூர் ஸ்டேஷன் வாசலிலும் கொடுப்போம். பதில் தராத கல்லூரியின் பெயரையும் போடுவோம். அதற்கு நேரே உள்ள இடத்தை வெறுமையாக விடுவோம்.